அடிநாக்கில் கசப்பு

ஏப்ரல் 2, புதன்

கால் வீக்கம் எப்போது தொடங்கியது?

டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இருபத்தொரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், தெரிந்திருக்க வேண்டும். "ஒரு வாரம் இருக்கும்," என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் ஆசீர், தரையைப் பார்த்தபடியே, "பொங்கலுக்கு முன்னாலயே உண்டு டாக்டர்," என்றார்.

நான் பார்த்தது போன ஞாயிற்றுக்கிழமைதான். சர்ச்சுக்குப் புறப்படும்போது ஷூவை ஒதுக்கிவிட்டு ரப்பர் செருப்பைப் போட்டார். கேட்டதற்கு வெயில் என்றார். மத்தியானம் படுத்திருந்தவரின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, ஈரக் களிமண்ணில் பதிந்ததுபோல.

இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிகிறதாம். அதனால் உடம்பில் நீர் தேங்குகிறது. "வேற மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இவர் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கியது. மூன்று மாதமாகத் தினம் இரண்டு. அந்த வலி மாத்திரையே நீரைத் தேக்கும், சிறுநீரகத்துக்கும் ஆகாது என்று சொல்லி டாக்டர் அட்டையைத் தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். அதுவும் எனக்குத் தெரியாது.

டாக்டர் பெயர் மெஹருன்னிஸா. முப்பத்தைந்து வயது இருக்கும். தேவையில்லாமல் சிரிக்கவில்லை. அதனால் நம்பலாம் என்று தோன்றியது. சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"இது ரெண்டு மருந்து சேர்ந்த மாத்திரைம்மா. ஒண்ணு, தேங்கின தண்ணியையும் உப்பையும் சிறுநீர்ல வெளியேத்தும். அது போகும்போது பொட்டாசியத்தையும் இழுத்துட்டுப் போயிரும். அதை விடாம பிடிச்சு வைக்கிறது ரெண்டாவது மருந்து. பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சாலும் ஆபத்து, ரொம்பக் கூடினாலும் ஆபத்து. ரெண்டுமே இதயத் துடிப்பைக் குழப்பிடும். அதனால ஒரு வாரத்துல ரத்தம் எடுத்துப் பார்க்கணும். இளநீர் வேண்டாம். கஷாயம், டானிக் எதுவா இருந்தாலும் என்னைக் கேட்காம வேண்டாம். வாந்தியோ வயித்துப்போக்கோ வந்தா அன்னைக்கே போன் பண்ணுங்க. உப்பு, நாள் முழுக்கச் சேர்த்து அரை டீஸ்பூன்."

காலையில் எழுந்ததும், சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன் எடை பார்க்க வேண்டும். தினமும் அதே நேரம், அதே கருவி. ஒரு நாளில் ஒரு கிலோவோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவோ ஏறினால் உடனே சொல்ல வேண்டும். நான் வேலை பார்க்கும் வேளாண்மை ஆபீசுக்கு உரக்கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒன்று எழுதாமல் கிடந்தது. எடைக்கு ஒரு வரி போதும். மீதி இடம் வீணாகிறதே என்று இதையெல்லாம் எழுதுகிறேன்.

இன்று ஆஸ்பத்திரியில் பார்த்த எடை 78.4.

திரும்பி வரும்போது ஆட்டோவில், "தூத்துக்குடியில உப்பளத்துல நிக்கவன்ட்ட உப்ப விடச் சொல்லுதாங்க. நல்ல டாக்டர் பாத்த பியூலா," என்றார்.

ஏப்ரல் 3, வியாழன்

77.6. மாத்திரை காலை ஏழு மணிக்கு. சாயங்காலம் போட்டால் ராத்திரி தூக்கம் கெடும் என்று டாக்டர் காலையில்தான் போடச் சொன்னார். ஏழரைக்குத் தொடங்கி பத்தரைக்குள் ஏழு முறை போய் வந்தார். நான் எண்ணவில்லை. கதவுச் சத்தம் கேட்டது.

ஏப்ரல் 4, வெள்ளி

76.9. இவர் உப்பளத்தில் மேற்பார்வையாளர். முப்பது வருட வேலை. பாத்தித் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, உப்பு விளைய இன்னும் எத்தனை நாள் என்று சொல்லுவார். கருவி வைத்து அளந்தாலும் அதேதான் வரும். நானே ஒரு முறை சரிபார்த்திருக்கிறேன்.

கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெளியான அந்த இடத்தில் மறைவு கிடையாது. அதனால் மாத்திரை வேகம் அடங்கி, பதினொரு மணிக்கு மேல் போகிறார். இன்று கொஞ்சம் முன்னதாகப் போய்விட்டாராம். உப்பு வாரும் பெண்கள், "மோட்டார் பழுதாச்சுன்னா கவலயில்ல, நம்ம சூப்பர்வைசரே அளத்துக்குத் தண்ணி பாய்ச்சிருவாரு," என்று சிரித்திருக்கிறார்கள். அதைச் சொல்லி இவரும் சிரித்தார். முகத்தில் வீக்கம் வடிந்திருக்கிறது. சிரிக்கும்போது தெரிந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

75.8.

இவருடைய அக்கா நேசமணி, எனக்கு மைனி, இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். தூக்குவாளியில் நெருஞ்சில் கஷாயமும் கையில் இரண்டு இளநீருமாக வந்தார்.

"ஓடக்கரையில நானே குனிஞ்சு பறிச்சது பியூலா. மூணு நாள் குடிக்கட்டும். நீரெல்லாம் ஒடச்சுக்கிட்டுப் போயிரும்."

"மாத்திரையே அந்த வேலையத்தான் செய்யுது மைனி. ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது. இளநீர்ல பொட்டாசியம் அதிகம். டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

"எங்க அப்பா எம்பது வயசு வரைக்கும் எளநி குடிச்சாரு."

"அவர் இந்த மாத்திரை சாப்பிடலை."

"நீ ஜெபத்தையும் நம்ப மாட்ட, செடியவும் நம்ப மாட்ட. என்னத்தத்தான் நம்புவ?"

"ரத்தப் பரிசோதனையை."

மைனி தம்பியைப் பார்த்தார். தம்பி மின்விசிறியைப் பார்த்தார். கஷாயத்தை நான் வாழை மரத்தடியில் ஊற்றினேன். அவர் போன பிறகு ஊற்றியிருக்கலாம்.

மத்தியானம் இவர் தூங்கும்போது பக்கத்தில் போய்க் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. மின்விசிறி சத்தத்தில் மூச்சு கேட்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

75.1. அரை டீஸ்பூன் உப்பை மூன்று வேளைக்கும் பங்கிட்டால் ஒரு வேளைக்கு ஒரு சிட்டிகை. நானும் அதையே சாப்பிடுகிறேன். சாம்பார் என்பது பருப்பு கலந்த சுடுதண்ணீர்.

இவர் குறை சொல்வதில்லை. இதற்கு முன்பும் சொன்னதில்லை. முன்பு தட்டை வழித்துச் சாப்பிடுவார். இப்போது கடைசி இரண்டு கவளத்தை ஓரமாக ஒதுக்கி, அதன்மேல் கறிவேப்பிலையை மூடி வைக்கிறார், நான் பார்க்கக் கூடாது என்பதுபோல. நான்கு நாளாகப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

74.8. ரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் 4.6. நல்ல அளவு. சிறுநீரகம் கொஞ்சம் மெதுவாக வேலை செய்கிறது, வலி மாத்திரையின் வேலையாக இருக்கலாம் என்றார் டாக்டர். "அதனாலதான் சொல்றேன், மாத்திரையோ சாப்பாடோ, எதை மாத்தினாலும் முதல்ல எனக்கு ஒரு போன்." அடுத்த பரிசோதனை மூன்று வாரம் கழித்து.

இவர் என் டைரியை டாக்டரிடம் காட்டச் சொன்னார். எடையை மட்டும் வாசித்துக் காட்டினேன். "என்ன ஆபீசரம்மா, எனக்கு எத்தன மார்க்கு?" என்று வெளியே வந்ததும் கேட்டார். நான் மார்க் போடவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

74.6. பஸ் நிலையத்துக்கு எதிரே புதிதாக வந்திருக்கும் பெரிய கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று ஒரு பொட்டலம் பார்த்தேன். சாதாரண உப்பில் இருப்பதில் பாதி சோடியம்தான், சுவை அதேதான் என்று போட்டிருந்தது. முன்பக்கம் இதயம் படம். வாங்கினேன், படத்தை நம்பி அல்ல. கணக்கு சரியாக இருக்கிறது: டாக்டர் அரை டீஸ்பூன் என்றால், இதில் ஒரு டீஸ்பூன் போடலாம், உடம்புக்குப் போகும் சோடியம் அதே அளவு. பின்பக்க எழுத்து மிகப் பொடி. கண்ணாடி ஆபீசில் இருந்தது.

டாக்டருக்குப் போன் பண்ண வேண்டுமா என்று யோசித்தேன். இது மருந்து இல்லை, கஷாயம் இல்லை. உப்பு. சொன்ன அளவை மீறவும் இல்லை. வேலையாக இருப்பவரைத் தொந்தரவு செய்வானேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

74.3. கத்தரிக்காய் புளிக்குழம்பு. முதல் வாய் வைத்ததும் இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை சாதம் போடச் சொன்னார். ஓரத்தில் எதையும் ஒதுக்கவில்லை.

எனக்குக் கொஞ்சம் கசக்கிறது என்று தோன்றியது. கத்தரிக்காய் அப்படி.

ஏப்ரல் 14, திங்கள்

73.5. விடுமுறை. கணுக்கால் எலும்பு வெளியே தெரிகிறது. இடது காலில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது; அதையும் மறந்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்பே அளத்தில் மண்வெட்டி பட்டதாம். விரலால் அழுத்தினேன். குழி விழவில்லை. மருத்துவக் காரணத்துக்காகத்தான் அழுத்தினேன்.

"சரியாப் பாத்துக்கோ. அந்தக் காலும் இருக்கு," என்றார்.

மாலை கடற்கரை வரை நடந்தோம். மூச்சு வாங்கவில்லை. வழியில் நின்று நின்று பேச ஆள் கிடைத்ததால் திரும்ப ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஏப்ரல் 16, புதன்

73.2. சாப்பாட்டுக்கு முன் கையைத் தேய்த்துக்கொண்டு உட்காருகிறார். அவியல், ரசம், முட்டைக்குழம்பு. ஒரு டீஸ்பூன் என்று தொடங்கியது ஒன்றேகாலாக ஆகியிருக்கலாம். நாளை முதல் சரியாக அளக்க வேண்டும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

73.2. மூன்று மணி நேர ஆராதனைக்கு இவர் போனார். நான் போவதில்லை. திரும்பி வரும்போது மைனி கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். முழங்காலிட்டவர் எழும்ப முடியாமல் உட்கார்ந்துவிட்டாராம். "கால்ல பலமே இல்லாத மாதிரி இருந்துச்சு. நெடுநேரம் முழங்கால்ல நின்னதுல மரத்துருக்கும்," என்றார். சரியான காரணமாகவே பட்டது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

73.1. எடை ஏறவில்லை, வீக்கம் இல்லை. ஆனால் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து விழுந்தது. விரல்நுனி மரமரவென்று இருக்கிறது என்றார். குமட்டல். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். துடிப்பு மெதுவாக, நடுவில் ஒன்று விட்டு விட்டு வந்தது. நான் மருத்துவர் இல்லை, தப்பாக எண்ணியிருக்கலாம்.

பகலில் நான் ஆபீசில் இருக்கும்போது மைனி வந்து போகிறார். இரண்டும் இரண்டும் நான்கு என்று நினைத்தேன். மைனி ஈஸ்டர் பலகாரத்துடன் வந்ததும் வாசலிலேயே கேட்டேன்.

"நான் இல்லாதப்ப இவருக்கு என்ன குடுத்தீங்க?"

"என்னது?"

"கஷாயமா, இளநீரா? மறைக்காமச் சொல்லுங்க. சொன்னாத்தான் டாக்டர்கிட்ட போக முடியும்."

மைனி பலகாரத் தட்டை ணங்கென்று வாசற்படியில் வைத்தார். "உயிர்த்தெழுந்த நாளும் அதுவுமா சொல்லுதேன், ஒரு சொட்டு குடுக்கல. நீ வேண்டாம்னு சொன்னன்னைக்கே விட்டுட்டேன். எந்தம்பிக்கு நான் கெடுதல் செய்வனா?"

நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்கும். அவர் தட்டை எடுக்காமலே போனார். இவர் உள்ளே கட்டிலிலிருந்து, "அக்கா அப்படிச் செய்ய மாட்டா, பியூலா," என்றார். எழுந்து வரவில்லை. எழ முடிந்திருந்தால் வந்திருப்பார்.

டாக்டர் நாளை மாலைதான் கிளினிக்கில் இருப்பார். காத்திருக்கலாம் என்று முடிவு செய்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய் (ஆஸ்பத்திரியில்)

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று காலை அவரை வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸ் போனேன். மாலை டாக்டரிடம் போக அரைநாள் லீவு எழுதி வைத்திருந்தேன். போகும் முன் மத்தியானத்துக்கு முருங்கைக்காய்க் குழம்பு வைத்து மூடினேன்.

பதினொரு மணிக்கு ஏரலிலிருந்து ஒரு வாழை விவசாயி மண் பரிசோதனை அட்டை வாங்க வந்தார். பெரியவர், பேச்சுப் பிரியர். "சாம்பல் சத்து உங்க மண்ணுல ரொம்பக் குறைவு, வாழைக்கு அதுதான் முக்கியம், பொட்டாஷ் உரம் போடுங்க," என்று வழக்கம்போலச் சொன்னேன்.

"பொட்டாஷ்னா அந்தச் செவப்பு உரம்தானம்மா? உப்புக்கல்லு மாதிரி இருக்குமே?"

"ஆமா. பொட்டாசியம் குளோரைடு. சில சமயம் வெள்ளையாவும் வரும்."

"வெள்ளையாவா? ஏ சாமி! எம்பொண்டாட்டிக்குக் கண்ணு வேற சரியில்ல. உப்புன்னு நெனச்சு அள்ளிக் கொழம்புல போட்டுருவா. அப்புறம் வாழ மாதிரி எனக்குக் கொல தள்ளிரும்!"

அவர் சிரித்தார். என் உதவியாளர் சிரித்தார். நான் அட்டையில் அவர் ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன்.

பாதி சோடியம். மீதிப் பாதி என்ன என்று பதினோரு நாளாக நான் கேட்கவே இல்லை. இருபத்து மூன்று வருடமாக ஊரார் வயலுக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். என் அடுப்படியில் இருந்த பொட்டலத்தில் இருப்பது அதே பொருள். அந்த மாத்திரை உடம்பை விட்டுப் போகவிடாமல் பிடித்து வைப்பதும் அதையே. வெளியே போகும் வழியை மாத்திரை அடைத்தது. வேளைக்கு வேளை உள்ளே போட்டது நான்.

வீட்டுக்குப் போன் செய்தேன். இவர் எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். மைனி எடுத்தார். நான் அப்படிக் கேட்ட பிறகும் தம்பி தனியாக இருப்பாரே என்று வந்திருக்கிறார்.

"சாப்பிட்டாரா மைனி?"

"இப்பந்தான் தட்டுல சாதம் போட்டேன். உன் கொழம்புதான். நான் ஒண்ணும் கலக்கல."

"தட்டை எடுத்துருங்க. ஒரு வாய்கூட வேண்டாம். நான் ஆட்டோவுல வாரேன். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஒரு கேள்வி கேட்கவில்லை. தட்டு நகரும் சத்தம் கேட்டது.

வீட்டில் பொட்டலத்தை எடுத்துக் கைப்பையில் போட்டேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்ததில் பொட்டாசியம் 6.8 என்று வந்தது. இதயத் துடிப்பைக் காகிதத்தில் பார்த்துவிட்டு டாக்டர் மெஹருன்னிஸா மருந்து எடுக்க ஓடித்தான் போனார். கால்சியம் ஊசி, குளுக்கோஸோடு இன்சுலின். நர்ஸ்கள் மாறி மாறி வேலை செய்தார்கள். நடுவில் டாக்டர் கேட்டார், "சாப்பாட்டுல உப்பு ஏதாவது மாத்தினீங்களா? இளநீர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் கட்டிலில் படுத்தபடி, நாக்குத் தடுமாற, "ஒண்ணும் மாத்தல டாக்டர். அவ அளந்துதான் போடுவா," என்றார்.

மூக்கில் குழாயோடு அப்படிச் சொன்னார்.

நான் பொட்டலத்தை எடுத்து டாக்டர் கையில் கொடுத்தேன். "பதினொண்ணாம் தேதியிலிருந்து. ஒரு நாளைக்கு ஒண்ணேகால் டீஸ்பூன். நான்தான் மாத்தினேன். உங்களைக் கேட்கலை."

டாக்டர் பின்பக்கத்தை வாசித்தார். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதிலேயே பொடி எழுத்தில் இருக்கிறதாம். "நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சிருக்கீங்க. நெறைய பேர் செய்றாங்க. இப்பவாவது கொண்டு வந்தீங்களே, அது பெரிய விஷயம்," என்றார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இன்று காலை பொட்டாசியம் 5.9. இன்னும் கண்காணிப்பில்தான். நான் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 23, புதன் (ஆஸ்பத்திரியில்)

5.4. சேர்ந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இப்போதைக்கு நீர் பிரிக்கும் மருந்து மட்டும் தனியாக. மற்றதைத் திரும்பத் தரலாமா என்பதைச் சிறுநீரகத்தைப் பார்த்துப் பிறகு முடிவு செய்வார்களாம்.

பேச்சு தெளிந்திருக்கிறது. பார்வையாளர் நேரம் முடிந்து அறை அமைதியானதும் கேட்டேன்.

"டாக்டர்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"உன்ன ஏசிருவாங்கன்னு நெனச்சேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன பியூலா நீ? நான் உப்பளத்துக்காரன். மொத வாயிலயே தெரிஞ்சு போச்சு, இது நம்ம உப்பு இல்லன்னு. நம்ம உப்பு முன்நாக்குல நிக்கும். இது அடிநாக்குல போய்க் கசந்துச்சு. உப்பு வாரின பெறகு மிஞ்சுத தண்ணி அப்படித்தான் கசக்கும், வடிச்சு விட்டுருவோம்."

"தெரிஞ்சும் பதினோரு நாள் சாப்பிட்டீங்க."

"எனக்காக எங்கியோ போய்த் தேடி வாங்கிட்டு வந்துருக்க. சொன்னா நிப்பாட்டிருவ. உப்புக்காக இல்ல. நான் ரெண்டாம் தடவ சாதம் கேக்கும்போது உன் மொகத்த நீ பாக்கல, நான் பாத்தேன்," என்றார்.

நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

"கசந்தா கசக்குதுன்னு சொல்லணும்," என்று ஜன்னலைப் பார்த்தே சொன்னேன். "எனக்கு ருசி தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்லாட்டா நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

"நீயும் என்ட்ட கேட்டிருக்கலாம்லா."

அதுவும் உண்மைதான்.

ஏப்ரல் 24, வியாழன் (ஆஸ்பத்திரியில்)

மைனி மத்தியானம் கேரியரில் சாப்பாடு கொண்டு வந்தார். உப்பு போடாத இட்லி, தனியாக எனக்கு மீன்குழம்பு. வராந்தா பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட பேச்சு எனக்கு வராது. ஆராய்ச்சி அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னேன்: "அன்னைக்கு உங்களைக் கேட்டது தப்பு மைனி. நீங்க ஒண்ணும் குடுக்கல. நான்தான் குடுத்தேன்."

மைனி கேரியரின் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "நான் ஓசியில பறிச்சுட்டு வந்தத வாழமூட்டுல ஊத்துன. நீ காசு குடுத்துல்லா வாங்கியிருக்க," என்றார். பிறகு இட்லியைப் பிய்த்து மீன்குழம்பில் தோய்த்து என் தட்டில் வைத்தார். "சாப்பிடு. மூணு நாள்ல பாதியா போயிட்ட. உனக்கு யாரும் எட பாக்கலயா?"

சாப்பிட்டேன். நல்ல காரம். கண்ணில் தண்ணீர் வந்தது காரத்தினால்.

மாலை 5.1. நாளை காலை மீண்டும் ரத்தம் எடுப்பார்கள். ஐந்துக்குக் கீழே வந்து, துடிப்பும் சீராக இருந்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். வரவில்லை என்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். டாக்டர், "நாளைக்குப் பார்ப்போம்," என்றார். சரியான பதில் அதுதான். நானும் என் விவசாயிகளிடம் அதைத்தான் சொல்லுவேன். கேட்கிற இடத்தில் இருக்கும்போது அது போதவில்லை.

பொதுவாக நான் ஜெபம் செய்வதில்லை. இன்று மைனி தம்பி நெற்றியில் கை வைத்துச் செய்தபோது எழுந்து வெளியே போகவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

4.7. துடிப்பு சீராக இருக்கிறது. பதினொரு மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். பிறகு வாரம் ஒரு முறை. வீட்டுக் கருவியில் எடை 73.6.

ஒரு மணிக்குச் சாதம், சுரைக்காய்க் கூட்டு, மிளகு ரசம் வைத்தேன். சாதாரண உப்பு, டாக்டர் சொன்ன அளவு. அளந்து போட்டதை இவர் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

முதல் வாய் சாப்பிட்டார். இரண்டாம் வாய் எடுக்கவில்லை.

"சப்புனு இருக்கு, பியூலா," என்றார்.

இருபத்தொரு வருடத்தில் என் சமையலைப் பற்றி இவர் சொன்ன முதல் குறை. "வேற?" என்று கேட்டேன்.

ரசத்தில் புளி கூடிவிட்டது என்றார். கூட்டுக்குத் தேங்காய் அரைத்தது போதாது, பல்லில் திப்பி மாட்டுகிறது என்றார். சுரைக்காய் முத்தல், கடைக்காரன் என்னை ஏமாற்றுகிறான் என்றார். கல்யாணமான வருடத்திலிருந்து நான் சாதத்தை ஒரு விசில் அதிகமாக விடுகிறேன் என்றார். உற்சாகமாகத் தொடர்ந்தார். நடுவில் தண்ணீர் குடிக்க மட்டும் நிறுத்தினார். கால் மணி நேரம் இருக்கும்.

நான் எதையும் மறுக்கவில்லை. சாதம் குழைந்துதான் இருந்தது.